திங்கட்கிழமை எடை

பிப்ரவரி 4

என் அருமை மருமகள் பட்டாணிக்கு,

உன் மாமா எழுதுவது. முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். போனில் நீ பேசியபோது நான் "சரி, சரி" என்றதெல்லாம் கேட்டுச் சொன்னதில்லை. தகரக் கூரையில் மழை விழுகிற மாதிரி ஒரு சத்தம். அதில் உன் குரல் எது, மழை எது என்று யார் கண்டது. நாற்பது வருஷம் லாரிகளுக்குப் பக்கத்தில் நின்ற காதுகள் இவை. அதனால் இனிமேல் கடிதம்தான். என் கையெழுத்தைப் பார்த்து இந்த முதியோர் இல்லத்து மேனேஜரே, "ஐயா காலேஜ்ல என்ன பாடம் எடுத்தீங்க?" என்று கேட்டார். ஏழாம் வகுப்பைப் பாதியில் விட்டவன் என்று சொல்லி அவர் மனதை எதற்குப் புண்படுத்த வேண்டும். சிரித்துவிட்டு நகர்ந்தேன்.

அக்காவுக்குப் பத்துக்கு ஆறு மார்க் போட்டுத் தாள் வந்திருக்கிறது, என்ன அர்த்தம் என்று நீ கேட்டதாக அக்கா அப்புறம் சொன்னாள். உன் அம்மா பள்ளிக்கூடத்தில் கணக்கில் ஆறு வாங்கியதே கிடையாது. சந்தோஷப்படு.

சரி, விளையாட்டை விடு. மாதம் ஒருமுறை பெரிய நர்ஸ் நாலு நிறப் பேனாவோடு ஒவ்வொரு கட்டிலுக்கும் வருவார். கீழே விழுந்தாரா, எடை குறைந்ததா, மூச்சு வாங்குகிறதா, எத்தனை மாத்திரை, சமீபத்தில் ஆஸ்பத்திரி வாசலை மிதித்தாரா என்று கேட்டு எல்லாவற்றுக்கும் மார்க் போடுவார். கூட்டிப் பார்த்தால் இந்த ஆள் ஆஸ்பத்திரிக்குப் போக எவ்வளவு வாய்ப்பு என்று தெரிந்துவிடுமாம். மூன்று வரை பச்சை அட்டை, ஆறு வரை மஞ்சள், அதற்கு மேல் சிவப்பு. கட்டில் தலைமாட்டில் செருகிவிடுவார்கள். எனக்குப் பச்சை. எண்பதைத் தொடப் போகிற வயதில் பச்சை அட்டை வைத்திருப்பவன் இந்தக் கட்டடத்திலேயே நான் ஒருவன்தான். வேறு மூன்று பேரிடமும் இருக்கிறது, ஆனால் அவர்கள் வயதைக் குறைத்துச் சொன்னவர்கள்.

அக்கா எல்லைக்கோட்டில் நிற்கிறாள். எடை குறைந்தால் ஒரு மார்க் ஏறும், சிவப்பு வந்துவிடும். சிவப்பு என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். போன வருஷம் எங்கள் வராந்தாவில் சிவப்பு அட்டைக்காரர்கள் நாலு பேர். நாலு பேரையும் பின்பக்கக் கேட் வழியாக ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப் போனார்கள். திரும்பி வந்தது தையல்காரர் ஒருவர். நடந்து போனவர் படுத்தபடி வந்தார். தினமும் என்னோடு ஆடு புலி மாதிரிச் சண்டை போட்டவர், நான் எதிரே போய் நின்றால் சுவரைப் பார்க்கிறதைப் போல என்னைப் பார்த்தார். அதற்கப்புறம் ஒரு மாதம்கூட இல்லை.

நான் லாரிகளை எடை போட்ட எடைமேடையிலும் இதே கதைதான். எடை சரியில்லாத லாரியை உள்ளே விடமாட்டார்கள். ஆனால் நீ கலங்காதே. எடையில் என்னை மிஞ்ச இந்த வட்டாரத்தில் ஆள் கிடையாது. ஒரு வழி வைத்திருக்கிறேன்.

எங்கள் இரண்டு பேரையும் இங்கே கொண்டுவந்து விட்ட கோபம் இன்னும் ஆறவில்லை. அது தனிக் கடிதத்தில் வரும்.

உன் மாமா

மகளே, நன்றாக இருக்கிறேன். சாப்பாடுதான் இறங்கவில்லை. தம்பி எழுதியதில் பாதியை எடுத்துக்கொள். – அம்மா


பிப்ரவரி 11

அன்புள்ள மாமா,

பாதியை எடுத்துக்கொள் என்கிறாள் அம்மா. எந்தப் பாதி என்று சொல்லவில்லை. அதுதான் என் தலைவலி.

என் மேஜையில் இல்லத்துப் படிவம் ஒன்று ஆறு வாரமாகக் கிடக்கிறது. அம்மாவுக்கு அவசரம் வந்தால் உடனே ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டுமா, இல்லை டாக்டரை அங்கேயே வரவழைத்து முடிந்த மட்டும் பார்க்க வேண்டுமா. இரண்டு கட்டம். ஒன்றில் டிக் போட்டுக் கையெழுத்துப் போட வேண்டும். நான் இருப்பதோ இரண்டு நாள் பயணத் தொலைவில். கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிற ஆள் நான் ஒருத்திதான், ஏப்ரலுக்கு முன்னால் லீவு கிடையாது என்று முதலாளி சொல்லிவிட்டார். அம்மா எப்படி இருக்கிறாள் என்று உங்கள் கண்ணால் பார்த்துத்தான் நான் டிக் போட வேண்டும்.

அதனால் கெஞ்சிக் கேட்கிறேன். மேனேஜர் கதை, காலேஜ் கதை எல்லாம் எழுதுங்கள், சிரிக்கிறேன். ஆனால் அம்மா எவ்வளவு சாப்பிட்டாள், எத்தனை எட்டு நடந்தாள், எடை என்ன என்பதில் மட்டும் ஜிகினா ஒட்டாதீர்கள். லென்ஸில் நூலிழை அளவு தப்பினால் போட்டுக்கொள்கிறவர் படியில் தடுக்கி விழுவார்.

கோபத்தைத் தனிக் கடிதமாக எழுதுவதாகச் சொன்னீர்கள். எழுதுங்கள். என்னிடமும் பதில் இருக்கிறது. குளியலறையில் அம்மா மூன்று மணி நேரம் விழுந்து கிடந்த அன்றைக்கு நீங்கள் முன்னறையில் டி.வி.யைச் சத்தமாக வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தீர்கள். உங்கள் காதைக் குறை சொல்லவில்லை. வேறு வழி எனக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

இப்படிக்கு,
பட்டாணி


பிப்ரவரி 19

மருமகளே,

டி.வி.யைப் பற்றி எழுதாமல் இருந்திருக்கலாம். போகட்டும். நல்ல செய்தி சொல்ல வந்தவன் நான்.

உட்கார்ந்து படி. அக்காவுக்கு எடை ஏறிவிட்டது.

இங்கே திங்கட்கிழமைதான் எடை நாள். காலையில் ரொட்டி வருவதற்கு முன்னால் துணி அலமாரிக்குப் பக்கத்தில் வட்ட முகம் வைத்த மிஷினை உருட்டிக்கொண்டு வந்து வைப்பார்கள். முப்பது பேர் வரிசையாக நிற்போம், நிற்க முடியாதவர்கள் நாற்காலியோடு. ஜனவரியில் அக்கா நாற்பத்தேழு கிலோ. ஒன்பதாம் தேதியும் நாற்பத்தேழு, ஒரு பொட்டுக் குறையவில்லை. பதினாறாம் தேதி நாற்பத்தெட்டு. பெரிய நர்ஸ் முள்ளைப் பார்க்கிறார், அக்காவைப் பார்க்கிறார், மறுபடியும் முள்ளைப் பார்க்கிறார். "என்னம்மா, ஒரே வாரத்துல ஒரு கிலோவா?" என்றார். வரிசையில் நின்றவர்கள் கை தட்டினார்கள். எல்லோரும் தட்டவில்லை, நான் தட்டினேன், பின்னால் ஒருவர் தட்டினார்.

அன்றைக்குச் சாயங்காலமே டாக்டர் வந்து அக்காவின் காலை அமுக்கிப் பார்த்தார். புதிதாக ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்தார். வெள்ளை, சின்னது, காலையில் ஒன்று. தேறி வருகிறவர்களுக்குத்தான் இதைக் கொடுப்பார்கள் போலிருக்கிறது. எனக்குக் கொடுக்கவில்லை, நான் ஏற்கெனவே தேறியவன்.

எத்தனை எட்டு நடக்கிறாள் என்றாயே. வராந்தாவில் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை போகிறாள். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு. நடுவில் ஒரு நாற்காலி போட்டிருக்கிறார்கள், அதில் கொஞ்ச நேரம் உட்காருகிறாள், அவ்வளவுதான். மஞ்சள் அட்டை அப்படியே இருக்கிறது. நீ எந்தக் கட்டத்திலும் டிக் போட வேண்டாம். அந்தப் படிவத்தால் கண்ணாடி துடை.

உன் மாமா

மகளே, வாய் எந்நேரமும் வறண்டு கிடக்கிறது. இடுப்பு பெல்ட் திங்கட்கிழமையில் ரொம்பக் கனம். நல்லதுக்குத்தான் என்கிறான் தம்பி. – அம்மா


பிப்ரவரி 26

மாமா,

அம்மாவின் வரி இந்தத் தடவை காகிதத்தின் ஓரம் வரை சரிந்து போயிருக்கிறது. அதைப் பலமுறை படித்தேன். அப்புறம் எங்கள் தெருமுனை மருந்துக்கடைக்காரரிடம் போய், அம்மாவைப் போல இதய பலவீனம் உள்ளவருக்குத் திடீரென்று எடை ஏறினால் என்ன மாத்திரை கொடுப்பார்கள் என்று கேட்டேன். "உடம்புல தண்ணி கோத்துக்கிச்சுன்னு நெனப்பாங்க. அதை வெளிய எடுக்க மாத்திரை குடுப்பாங்க," என்றார். "தண்ணி கோக்காதவங்க அதைச் சாப்பிட்டா?" என்றேன். அவர் சில்லறை எண்ணுவதை நிறுத்திவிட்டு, "யாரு சாப்பிடறாங்க?" என்று கேட்டார்.

சாப்பாடு இறங்கவில்லை என்கிறாள், ஆனால் எடை ஏறுகிறது. பெல்ட் திங்கட்கிழமையில் மட்டும் கனக்கிறது. நீங்கள் எடைமேடையிலிருந்து ஓய்வு பெற்று வந்தபோது இரும்பு எடைக்கல் மூன்று கொண்டுவந்தீர்கள். இரண்டு கிலோ, ஒரு கிலோ, அரைக் கிலோ. நான் சின்னப் பிள்ளையாக அவற்றை வைத்து விளையாடியிருக்கிறேன். அவை இப்போது எங்கே?

பெரிய நர்ஸுக்கே போன் செய்திருக்கலாம். கையில் எடுத்துவிட்டு வைத்துவிட்டேன். இது என் மனப் பிசகாக இருந்தால் அவர்கள் எதிரில் உங்கள் தலை குனியும். அதனால் உங்களிடமே கேட்கிறேன்.

அம்மா எனக்குச் சொன்னது ஒன்று உண்டு. "உன் மாமா வாயால் ஆயிரம் அளப்பான். ஆனா அவன் முத்திரை குத்துன சீட்டுல ஒரு கிலோ தப்பிருக்காது." அந்தச் சீட்டு எழுதியவரிடம் கேட்கிறேன். இந்தத் தாள் கைக்கு வந்த நிமிஷமே பதில் வேண்டும். எனக்கு எழுத வேண்டாம், பெரிய நர்ஸிடம் போய்ச் சொல்லுங்கள்.

பட்டாணி


பிப்ரவரி 28

மருமகளே,

பெரிய நர்ஸ் உனக்குப் போனில் சொல்லியிருப்பார். இருந்தாலும் நேரில் பார்த்தவன் நான்தானே.

நேற்றுக் காலை அக்கா கட்டிலிலிருந்து எழுந்தாள். அலமாரிக்குப் போக இரண்டு எட்டு வைத்தாள், அப்படியே சரிந்துவிட்டாள். எலும்பு உடையவில்லை. நம் குடும்பத்து எலும்பு உடையாது. ஆம்புலன்ஸ் வந்தது. சாதாரண ஆம்புலன்ஸ் இல்லை, புத்தம் புதுசு, உள்ளே மெத்தை, இரண்டு பக்கமும் ஆள், மகாராணி மாதிரி

இதை அடிக்காமல் அப்படியே விடுகிறேன். அதற்கு மேல் எழுத வரவில்லை.

பின்பக்கக் கேட் வழியாகத்தான் கொண்டுபோனார்கள். நான் கூடவே ஓடினேன். ஓடினேன் என்பது பொய், கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு போனேன். நான் போய்ச் சேருவதற்குள் கதவைச் சாத்திவிட்டார்கள். அக்கா என்னைத் தேடினாளா என்று தெரியவில்லை.

அவளுடைய கண்ணாடி இங்கேயே மேஜையில் கிடக்கிறது. அது இல்லாமல் அவளுக்கு எதிரே நிற்பது ஆளா கதவா என்று தெரியாது.

நீ எனக்கு ஏதாவது எழுதியிருக்கிறாயா? தபால் இரண்டு நாளாக வரவில்லை.

மாமா


மார்ச் 3

பட்டாணிக்கு,

உன் கடிதம் காலை பத்தரைக்கு வந்தது. பதினொன்றுக்குப் பெரிய நர்ஸின் அறைக் கதவைத் தட்டினேன். இடையில் அரை மணி நேரம் என்ன செய்தாய் என்று நீ கேட்பாய். கட்டிலில் உட்கார்ந்திருந்தேன். அதையும் எழுதிவிடுகிறேன்.

கேட்டதற்குப் பதில்.

பிப்ரவரி ஒன்பதாம் தேதி, முள் காட்டியதில் கல்லைக் கழித்தால், அக்காவின் நிஜ எடை நாற்பத்தாறு. பெல்ட்டில் ஒரு கிலோ கல் வைத்தேன். பதினாறாம் தேதி நிஜ எடை நாற்பத்தைந்தரை. ஒன்றரை வைத்திருந்தால் பழைய எடைக்கே வந்திருக்கும். நான் இரண்டரை வைத்தேன். யாரும் கேட்கவில்லை, தேவையும் இல்லை. ஏறியதாகக் காட்டினால் எல்லோருக்கும் சந்தோஷமாக இருக்குமே என்று ஒரு கிலோ கூட வைத்தேன். அந்த ஒரு கிலோவைப் பார்த்துத்தான் தண்ணீர் கோத்திருக்கிறது என்று மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். இருபத்துமூன்றாம் தேதி நிஜ எடை நாற்பத்துநாலரை. மூன்று கல்லையும் வைத்தேன், நாற்பத்தெட்டு காட்டியது. மாத்திரை சாப்பிட்டும் எடை இறங்கவில்லையே என்று இரண்டாக்கிவிட்டார்கள். நாலு நாள் கழித்து விழுந்தாள்.

அவள் விழுந்த அன்றைக்குப் பெரிய நர்ஸ் பெல்ட்டைக் கழற்றித் தடவிப் பார்த்தார். நீ போனில் சொல்லித்தான் பார்த்தாராம். அதில் எதுவும் இல்லை. வெள்ளிக்கிழமை கல்லுக்கு என்ன வேலை. அவை என் பழைய ஷூவுக்குள் இருந்தன. அவர் அந்த ஷூவுக்கு ஒரு முழத் தூரத்தில் நின்றார். நான் வாயைத் திறக்கவில்லை. நாலு நாள் திறக்கவில்லை.

இன்றைக்கு மூன்று கல்லையும் அவர் மேஜையில் வைத்தேன். நடந்ததைச் சொன்னேன். அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. முதலில் ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தார். "ஏட்டுல இருக்கற எடை தப்பு. ஆமா, தப்பு. மூணரைக் கிலோ. மாத்திரையை நிறுத்துங்க," என்றார். எதிர்ப்பக்கம் என்ன கேட்டார்களோ, "அதை அப்புறம் சொல்றேன்," என்று வைத்துவிட்டார்.

பிறகு என் காதுக்குப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு கேட்டார். "எதுக்குங்க ஐயா இப்படிச் செஞ்சீங்க?"

"சிவப்பு அட்டை போட்டா அனுப்பிடுவீங்கல்ல," என்றேன்.

"யாரு சொன்னாங்க? சிவப்பு அட்டை அனுப்பறதுக்கு இல்ல. அனுப்பாம இருக்கறதுக்கு. சிவப்பு போட்டா நடுவுல ரெண்டு வேளை பால், சாப்பிடறப்ப பக்கத்துல ஒரு ஆளு, வாரம் ரெண்டு தடவை டாக்டர். இதெல்லாம் ஆஸ்பத்திரிக்குப் போகக்கூடாதுன்னுதான். உங்க அக்காவுக்குப் போன மாசமே சிவப்பு வந்திருந்தா நான் சந்தோஷப்பட்டிருப்பேன்."

"தையல்காரரு?" என்றேன்.

"அவருக்குப் போட்டது லேட்டு. அது எங்க தப்பு," என்றார்.

பட்டாணி, தையல்காரர் திரும்பி வந்தபோது நான் அவரிடம் ஒரு கதை சொன்னேன், அவருக்கு ரொம்பப் பிடித்த கதை. பாதியில் நிறுத்திவிட்டேன். கேட்க ஆள் இல்லை. அக்காவும் அப்படி வந்துவிட்டால் என்ன செய்வது என்பதுதான் எனக்குள் இருந்தது. அவளைக் காப்பாற்ற என்று சொல்லிக்கொண்டேன். என்னைக் காப்பாற்றத்தான்.

அவளிடம்கூட ஒளித்தேன். இடுப்புக்கு நல்லது என்று சொல்லித்தான் கட்டினேன்.

மாமா


மார்ச் 10

மாமா,

உங்களைத் திட்டி இரண்டு கடிதம் எழுதினேன். இரண்டையும் கிழித்தேன். மூன்றாவது இது.

ஆஸ்பத்திரி டாக்டரோடு பேசினேன். அந்த முதல் நாலு நாளும் அவர்களும் குழம்பியிருக்கிறார்கள். நாக்கு காய்ந்திருக்கிறது, ரத்தத்தில் உப்பு குறைந்திருக்கிறது, ஆனால் இல்லத்து ஏட்டில் தண்ணீர் கோத்து எடை ஏறியதாக இருக்கிறது. அம்மாவால் நிற்க முடியாததால் எடை போட்டுப் பார்க்கவும் வழியில்லை. அதனால் மாத்திரையைப் பாதியாகக் குறைத்தார்களே தவிர நிறுத்தவில்லை. உங்கள் மூன்று கல் மேஜைக்கு வந்த பிறகுதான் நிறுத்தி, சலைன் ஏற்றினார்கள். சிறுநீரகம் மெல்லத் திரும்பிக்கொண்டிருக்கிறதாம். இன்னும் இரண்டு நாள் போயிருந்தால் திரும்பியிருக்காது என்றார். இதை உங்களைக் குத்துவதற்கு எழுதவில்லை. குத்தட்டும் என்றும்தான் எழுதுகிறேன்.

எனக்கும் ஒரு பங்கு உண்டு. இருபத்தாறாம் தேதி போனைக் கையில் எடுத்துவிட்டு வைத்தவள் நான். உங்கள் தலை குனியக் கூடாது என்று நினைத்தேன். மறுநாள் காலையில்தான் அவள் விழுந்தாள். பெல்ட்டில் எதுவும் இல்லை என்று பெரிய நர்ஸ் சொன்னதும் எனக்கு நிம்மதியாக இருந்தது மாமா. அம்மா ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள், எனக்கு நிம்மதி. அதை யாரிடம் போய்ச் சொல்வது.

படிவத்தை அனுப்பிவிட்டேன். இரண்டு கட்டத்திலும் டிக் போடவில்லை. குறுக்கே பெரிதாக எழுதினேன்: "நினைவு இருக்கும்வரை முதலில் அம்மாவைக் கேளுங்கள்." இப்படி ஒரு கட்டம் இல்லையே என்றார் மேனேஜர். இருக்கிற இடத்தில்தான் எழுதியிருக்கிறேன் என்றேன். நீங்களோ நானோ டாக்டரோ, இத்தனை நாளில் யாரும் அவளைக் கேட்கவில்லை.

முதலாளியோடு சண்டை போட்டு ஏப்ரல் முதல் வாரம் வருகிறேன். அதுவரை வாரம் ஒரு கடிதம் போடுங்கள். திங்கட்கிழமை எடை மட்டும் போதும். வேறு எதையும் உங்களிடமிருந்து படிக்கிற நிலையில் நான் இல்லை.

பட்டாணி


மார்ச் 23

பட்டாணிக்கு,

அக்கா வெள்ளிக்கிழமை வந்தாள். ஸ்ட்ரெச்சரில் வந்தாள். பின்பக்கக் கேட்டில் நின்றிருந்தேன். கண்ணாடியைத் துடைத்துக் கையில் வைத்திருந்தேன். மாட்டிவிட்டதும் என்னைப் பார்த்து, "ஷேவ் பண்ணலியா?" என்று கேட்டாள். நான் பண்ணவில்லைதான்.

தானாக எழுந்து நிற்க முடியவில்லை. இரண்டு பேர் பிடித்தால் நிற்கிறாள். நடக்க வரும் என்கிறார்கள், எப்போது என்று சொல்லவில்லை. நடுவில் ஒரு நாள் முழுக்க என்னை உன் அப்பா என்று நினைத்துக்கொண்டிருந்தாள். மறுநாள் சரியாகிவிட்டது.

சிவப்பு அட்டை செருகியிருக்கிறார்கள். பால் வருகிறது. ஒரு வேளை குடிக்கிறாள், ஒரு வேளை மூடி வைக்கிறாள்.

இன்றைக்கு எடை. நாற்காலியோடு ஏற்றி, நாற்காலி எடையைக் கழித்தார்கள். பெல்ட் இல்லை, ஸ்வெட்டர் இல்லை, செருப்பு இல்லை. நான் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன். பெரிய நர்ஸ் முள்ளைப் படிக்க என்னைக் கூப்பிட்டார். ஏன் என்று தெரியவில்லை. படித்தேன்.

நாற்பத்து மூன்று கிலோ இருநூறு கிராம்.

முதலில் நாற்பத்துநாலு என்று எழுதி அடித்திருப்பது உனக்குத் தெரியும். கை பழக்கம். அடித்த பிறகு எழுதியதுதான் சரி.

எடை மட்டும் போதும் என்றாய். கூடவே எழுதிவிட்டேன்.

மாமா

மகளே, தம்பி சொன்ன எடை சரி, நானும் எட்டிப் பார்த்தேன். அது கல் என்று அப்போதே தெரியும். அவன் முகம் அப்படி மலர்ந்திருந்தது, நானும் ஏறி நின்றுவிட்டேன். இனி நிற்கமாட்டேன். ஆஸ்பத்திரி பற்றிக் கேட்டார்கள். வேண்டாம், இங்கேயே பாருங்கள் என்று சொல்லிவிட்டேன். நீயும் வருத்தப்படாதே. வந்ததிலிருந்து இவன் பக்கத்தில் கல் மாதிரி உட்கார்ந்திருக்கிறான். ஒரு கதை சொல்லு என்றால் வாயைத் திறக்க மறுக்கிறான். எனக்குப் பொழுதே போகவில்லை. எடை தவிர மற்றதில் அளக்கலாம் என்று நீ ஒரு வரி எழுதி அனுப்பு. – அம்மா